கட்டுமான சைட்ல மண் அரிச்சுப் போகுது, சில்ட் ஃபென்ஸ் போட்டும் நிக்கல: எப்படி அளக்கறது, எப்படித் தடுக்கறது?

கேள்வி சுருக்கமா இதுதான்: நகரத்துக்குள்ள ஒரு பெரிய சைட், மொத்தத்தையும் சுத்தம் பண்ணி தோண்டிப் போட்டாச்சு, மழை பெய்ஞ்சா சகதி ரோட்டுக்கும் மழைநீர் வடிகாலுக்கும் போகுது, கீழ் ஓரத்துல சில்ட் ஃபென்ஸ் (மண்ணைத் தடுக்க முளை நட்டு கட்டற துணி வேலி) போட்டும் பிரயோஜனம் இல்ல, எவ்வளவு மண்ணு போகுதுன்னு வேற ரிப்போர்ட் கேக்கறாங்க.

சைட் இன்ஜினியரா இதையே பாத்துட்டு இருக்கறவன்ங்கற முறையில சொல்றேன், ஃபென்ஸ்ல இருந்து ஆரம்பிக்கறதே தும்பை விட்டு வாலைப் புடிக்கற கதைதான். மண்ணு தானா நடந்து போறதில்ல, தண்ணி தூக்கிட்டுப் போகுது, அதனால தண்ணி எங்க இருந்து உள்ள வருது, எங்க வேகம் எடுக்குது, எங்க வெளிய போகுதுன்னு மூணையும் புடிச்சீங்கன்னா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

அதுக்கு ட்ராயிங் மட்டும் பத்தாது. மழை பெய்யும்போதே சைட்டை ஒரு சுத்து சுத்தி வாங்க, எல்லாரும் ஷெட்டுக்குள்ள போய் நிக்கற அந்த நேரத்துல தெரியற விஷயம் வெயில்ல தெரியவே தெரியாது. பக்கத்து இடத்துத் தண்ணி, ரோட்டுத் தண்ணி எல்லாம் உங்க சைட்டுக்குள்ள இறங்குதான்னு பாருங்க, நெறைய சைட்ல பிரச்சினையே அதுதான். மழை விட்டதும் குனிஞ்சு தரையைப் பாருங்க. சின்னச் சின்னக் கல்லு ஒவ்வொண்ணும் ஒரு மண் திட்டு மேல ஏறி உக்காந்திருக்கும், கல்லுக்கு அடியில இருந்த மண்ணு தப்பிச்சிருச்சு, சுத்தி இருந்ததை மழைத்துளி அடிச்சுக் கிளப்பி தண்ணி கொண்டு போயிருச்சுன்னு அர்த்தம், அந்தத் திட்டு எவ்வளவு உயரமோ குறைஞ்சது அவ்வளவு மண்ணு அங்க போயிருக்கு. பெரிய மழைத்துளி நொடிக்கு 9 மீட்டர் வேகத்துல வந்து விழுது, வெறும் மண்ணு அதைத் தாங்காது.

ஒரு மில்லிமீட்டர்தானேன்னு நெனைப்போம். ஒரு ஹெக்டேர்ல ஒரு மில்லிமீட்டர்னா 10 கன மீட்டர், அதாவது 13, 14 டன் மண்ணு, லாரில அள்ளினாத்தான் அது எவ்வளவுன்னு புரியும், ஆனா கண்ணுக்கு ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். சரிவுல விழுந்திருக்கற அரிப்புக் கோடுகளையும் டேப் வச்சு அளந்துடுங்க. 10 செ.மீ அகலம், 5 செ.மீ ஆழம், 10 மீட்டர் நீளம் உள்ள ஒரே ஒரு கோடு கிட்டத்தட்ட 70 கிலோ. கொஞ்சம் நீளமான ஆணியில ஒரு வாஷரைக் கோத்து, வாஷர் தரையோட ஒட்டற மாதிரி சரிவுல அங்கங்க அடிச்சு வச்சா, ஒவ்வொரு மழைக்கப்புறமும் ஆணித் தலைக்கும் வாஷருக்கும் இடையில எவ்வளவு கூடியிருக்குன்னு பாத்து ரிப்போர்ட்டுக்கு நம்பர் எடுத்துக்கலாம், ஆணியை யாரும் மிதிக்காம மட்டும் பாத்துக்கணும்.

ரிப்போர்ட்ல யூ.எஸ்.எல்.இ-ங்கற மண் அரிப்புச் சமன்பாடும் போடச் சொல்லுவாங்க. விஷ்மையரும் ஸ்மித்தும் 1965ல அமெரிக்க விவசாயத் துறைக்காக வெளியிட்டது, 1978ல திருத்தினது, மழையோட தாக்கம், மண்ணோட தன்மை, சரிவோட நீளமும் செங்குத்தும், மண்ணு மேல மூடியிருக்கற புல்லு, வைக்கோல் மாதிரி மூடாக்கு, தடுப்பு வேலை எல்லாத்தையும் பெருக்கினா வருஷத்துக்கு எவ்வளவு மண்ணு போகும்னு வரும். வயலுக்காகப் போட்ட கணக்கு, சராசரிதான் சொல்லும், பெரிய ஓடையா அறுத்துட்டுப் போறதை அது பாக்கவே பாக்காது. அதனால அந்த டன் கணக்கை நான் பெருசா நம்பமாட்டேன், ஆனா இந்த மூலை மோசமா அந்த மூலை மோசமான்னு ஒப்பிட நல்லா உதவும். முக்கியமா ஒண்ணு புரியும்: மழையையும் மண்ணையும் நம்மளால மாத்த முடியாது, சரிவையும் மூடாக்கையும்தான் மாத்த முடியும். ஓரளவு செங்குத்தான சரிவோட நீளம் ரெண்டு மடங்கானா போற மண்ணு கிட்டத்தட்ட மூணு மடங்கு ஆகும், அதனால நீளத்தை நடுவுல ஒரு வரப்பு போட்டு வெட்டறதே பெரிய லாபம்.

அடுத்து ஒரு பாட்டில் டெஸ்ட். ஒரு கண்ணாடி பாட்டில்ல உங்க சைட் மண்ணைக் கொஞ்சம் போட்டு மழைத்தண்ணி ஊத்திக் குலுக்கி வையுங்க. மணல் ரெண்டு நிமிஷத்துக்குள்ள கீழ போயிரும், வண்டல் சில மணி நேரம் இழுக்கும், களிமண் மறுநாளும் கலங்கலாவே நிக்கும். கணக்குப்படி 0.002 மி.மீ துகள் ஒரு மீட்டர் ஆழம் இறங்க மூணு நாள் ஆகும், அதுவும் தண்ணி அசையாம நின்னா. இப்ப உங்க சில்ட் ஃபென்ஸ் ஏன் நிக்கலன்னு புரியுதா? அது தண்ணியைக் கொஞ்சம் தேக்கி, கனமானதைக் கீழ படிய வைக்கற விஷயம், களிமண்ணை வடிகட்டற சல்லடை இல்ல.

இனி தடுக்கறது. முதல் விஷயம், மொத்த இடத்தையும் ஒரே நாள்ல சுத்தம் பண்றதை நிறுத்துங்க. டோசர் வாடகைக்கு வந்துட்டா எல்லாத்தையும் தள்ளிட்டுப் போகட்டும்னு கான்ட்ராக்டர் சொல்லுவார், அவருக்கு அது மலிவு, ஆனா ரெண்டு மாசம் கழிச்சுத்தான் வேலை நடக்கப் போற இடத்துல புல்லு இருந்தா யாருக்கு என்ன கஷ்டம்? ரெண்டாவது, மேல இருந்து வர்ற சுத்தமான தண்ணியை ஒரு வரப்பும் வாய்க்காலும் போட்டு சைட்டைச் சுத்தி வெளிய அனுப்புங்க. மூணாவது, வேலை நிக்கற இடத்தை மூடுங்க. மிதமான சரிவுல ஹெக்டேருக்கு 4, 5 டன் வைக்கோல் பரப்பினாலே அரிப்பு 90 சதவீதம் வரைக்கும் குறையும், செங்குத்தா இருந்தா தென்னை நார் வலை விரிச்சு முளை அடிச்சு அடியில விதை தூவலாம். வலை தரையோட ஒட்டணும், மேல தூக்கிட்டு நின்னா தண்ணி அதுக்குக் கீழ புகுந்து ஓடும்.

காசே செலவாகாத ஒண்ணு இருக்கு, யாரும் பண்றதில்ல. டோசரை சரிவுல குறுக்க ஓட்டாம மேலயும் கீழயுமா ஓட்டச் சொல்லுங்க. அப்பத்தான் செயின் பல்லுத் தடம் சரிவுக்குக் குறுக்க விழும், ஒவ்வொரு தடமும் கொஞ்சம் தண்ணியைப் புடிச்சு வைக்கும். குறுக்க ஓட்டினா அதே தடம் மேலருந்து கீழ வாய்க்கா வெட்டிக் கொடுத்த மாதிரி ஆயிரும். ஆபரேட்டர்கிட்ட ஏன்னு காரணம் சொல்லிட்டா அவரே அடுத்த தடவை பண்ணிடுவார்.

இதெல்லாம் ஆனப்புறம்தான் ஃபென்ஸ். துணியோட அடியை 15 செ.மீ குழியில இறக்கி மண்ணு போட்டு நல்லா கிட்டிச்சிருக்கணும், நான் பாக்கற பாதி சைட்ல துணி காத்துல ஆடிட்டு இருக்கும், தண்ணி ஜாலியா கீழ போயிட்டு இருக்கும். ஒரே மட்டத்துல போகணும், ரெண்டு முனையும் மேட்டுப் பக்கமா வளையணும், ஓடற வாய்க்காலுக்குக் குறுக்க மட்டும் கட்டவே கூடாது, அங்க கல்லு போட்ட சின்னத் தடுப்பணைதான் நிக்கும். ஃபென்ஸ் உயரத்துல மூணுல ஒரு பங்கு மண்ணு சேர்ந்ததும் அள்ளிடணும். வண்டி வெளிய போற வாசல்ல 50லருந்து 75 மி.மீ ஜல்லியை 15 மீட்டராவது போடுங்க, அடியில ஜியோ டெக்ஸ்டைல் (மண்ணையும் ஜல்லியையும் பிரிச்சு வைக்கற துணி) இல்லைன்னா ஜல்லி சகதிக்குள்ள முங்கிரும். மண் குவியலை வடிகால் பக்கம் கொட்டாதீங்க, தார்ப்பாய் போடுங்க, அவ்வளவுதான்.

பாட்டில் மறுநாளும் கலங்கலாவே இருந்ததுன்னா தண்ணியைத் தேக்கி வைக்க ஒரு குளம் வேணும், மேல்மட்டத் தண்ணி மட்டும் வெளிய போற மாதிரி. ஜிப்சம் போட்டா சில களிமண் திரண்டு படியும். பாலிமரும் போடறாங்க, ஆனா பாசிட்டிவ் சார்ஜ் உள்ளது மீனோட செவுளைப் பாதிக்கும், நெகட்டிவ் சார்ஜ் உள்ளதைத்தான் வாங்கணும், முதல்ல பாட்டில்ல போட்டுப் பாத்துட்டு அப்புறம் குளத்துக்குப் போங்க.

இவ்வளவும் பண்ணிட்டு ஒரு பம்ப்ல கோட்டை விடுவாங்க. பேஸ்மென்ட் குழியில தேங்கின தண்ணியை ராத்திரி யாரோ ஒருத்தர் ஹோஸைத் தூக்கி நேரா வடிகால் மூடிக்குள்ள விட்டுருவார், ஃபென்ஸ் எல்லாம் பக்காவா இருக்கும், மண்ணு அந்த வழியில போயிட்டு இருக்கும். உங்க சைட்ல பம்ப் ஓடுதுன்னா, வேற எதைப் பாக்கறதுக்கும் முன்னாடி அந்த ஹோஸோட முனை எங்க கெடக்குதுன்னு போய்ப் பாருங்க.