ஜான் ரால்ஸ் சொன்ன 'அறியாமைத் திரை' என்றால் என்ன?

ஒரு சமூகத்தின் விதிகளை நீங்களே எழுதலாம். ஆனால் அதில் நீங்கள் யாராக இருப்பீர்கள் என்பது தெரியாது. செல்வந்தரா கூலித் தொழிலாளியா, ஆணா பெண்ணா, எந்த மதம், உடல்நலம் எப்படி, எதுவுமே தெரியாது. இந்தக் கற்பனை நிலையைத்தான் அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ், 1971இல் வெளியான தம் நூலில் 'அறியாமைத் திரை' என்றார்.

எதற்கு இந்தத் திரை? தன் இடம் தெரிந்தவருக்குத் தனக்குச் சாதகமான விதியே நியாயமாகத் தோன்றும். கெட்ட எண்ணம்கூட வேண்டியதில்லை. தன் வசதி தன் கண்ணுக்குப் படுவதில்லை, அவ்வளவுதான். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே ஓர் அதிரசம் இருக்கிறது. ஒருவன் பிட்டுவைக்க வேண்டும், மற்றவன் முதலில் எடுக்க வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். எவ்வளவு கவனமாகப் பிட்டுவைப்பான்!

திரைக்குப் பின்னால் இருப்பவர் முதலில் பேச்சு, மனசாட்சி போன்ற அடிப்படைச் சுதந்திரங்களைக் காப்பார் என்பது ரால்ஸின் வாதம். அடுத்து, கடைசிப் படியில் நிற்பவரின் நிலையைப் பார்ப்பார். அது தாமாகவே இருக்கக்கூடுமே. இரக்கத்தைக் கேட்காமலேயே நம்மை ஏழையின் பக்கம் கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதால் இந்த வாதத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

எல்லோருக்கும் ஒரே வருமானம் வேண்டும் என்று ரால்ஸ் சொன்னதாகப் பலர் நினைக்கிறார்கள். வாய்ப்புகள் நியாயமாகத் திறந்திருந்து, மிகவும் பின்தங்கியவருக்கே கூடுதல் நன்மை கிடைக்குமானால், ஏற்றத்தாழ்வை அவர் ஏற்றுக்கொண்டார்.