பாதை முழுவதற்கும் ஒரே ஹாஷ் போதாதா?

அன்புள்ள ஐயா,

லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒரு கோப்பைத் தேடும்போது, பாதையில் வரும் ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாக ஹாஷ் (தேடலை விரைவாக்க, பெயரிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் ஒரு எண்) போடுகிறது என்று படித்தேன். முழுப் பாதைக்கும் ஒரே ஹாஷ் போட்டால் ஒரே தேடலில் முடிந்துவிடாதா? இத்தனை முறை கணக்குப் போடுவது வீண் வேலை இல்லையா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

போதாது. வழியில் ஒவ்வொரு டைரக்டரியிலும் நுழைய அனுமதி உண்டா என்று பார்த்தாக வேண்டும். நடுவில் சிம்லிங்க் (வேறொரு பாதையைச் சுட்டும் கோப்பு) வரலாம், வேறொரு ஃபைல் சிஸ்டம் மவுண்ட் ஆகியிருக்கலாம், அதாவது அங்கே இணைக்கப்பட்டிருக்கலாம். அதைவிடப் பெரிய சிக்கல், மேலே இருக்கும் டைரக்டரி ஒன்றின் பெயரை மாற்றினால் அதற்குக் கீழுள்ள அத்தனை பாதைகளின் ஹாஷும் செல்லாமல் போய்விடும். இப்போதோ அந்த ஒரு டென்ட்ரியை (ஒரு பெயருக்காக கெர்னல் நினைவகத்தில் வைத்திருக்கும் பதிவு) மட்டும் இடம் மாற்றினால் போதும்.

வீண் வேலை என்பதை நான் ஏற்கமாட்டேன். அடுத்த சாய்கோடு எங்கே என்று கண்டுபிடிக்க எப்படியும் எழுத்துகளைப் படித்தே ஆக வேண்டும். அந்த வாசிப்பிலேயே ஹாஷும் முடிந்துவிடுகிறது. 2012-இல் வந்த கெர்னலின் 3.4 பதிப்பில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதை பைட் பைட்டாகச் செய்யாமல், 64 பிட் எக்ஸ்86 ப்ராசஸர்களில் எட்டு பைட்டுகளை ஒரே மூச்சில் எடுக்கும்படி மாற்றினார்.

யூஎஸ்ஆர், லிப் என்ற இரண்டு டைரக்டரிகளையே பாருங்கள். ஆங்கிலத்தில் மூன்று மூன்று எழுத்து, ஒவ்வொன்றின் பின்னும் ஒரு சாய்கோடு, ஆக மொத்தம் எட்டு பைட். அதை அப்படியே ப்ராசஸருக்குள் இருக்கும் ஒரு ரெஜிஸ்டரில் ஏற்றி, எட்டு சாய்கோடுகளோடு எக்ஸார் (ஒரே மாதிரியான பிட்களைப் பூஜ்யமாக்கும் கணக்கு) செய்தால் சாய்கோடு இருந்த இடங்கள் பூஜ்யமாகும். முதல் பூஜ்யம் எங்கே என்பதை லூப் இல்லாமல் சில கழித்தல், ஆண்ட் கணக்குகளிலேயே பிடித்துவிடலாம். அப்புறம் அதற்குப் பின்னால் உள்ளதை மாஸ்க் போட்டு மறைத்தால், மிஞ்சும் மூன்று பைட் ஹாஷுக்குள் போகிறது. பெயரின் நீளமும் கையோடு கிடைத்துவிடுகிறது. எவ்வளவு அழகான வேலை! தமிழில் பெயர் வைத்தாலும் இது பிசகாது: யூடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறியீட்டின் மூன்று பைட்டுகளில் எதுவும் சாய்கோட்டின் மதிப்பாக இருக்காது.

சரி, ஒரே பெயர் நூறு டைரக்டரிகளில் இருந்தால்? 2016-இல் வந்த 4.8 பதிப்பு முதல், ஹாஷ் தொடங்கும்போதே பெற்றோர் டென்ட்ரியின் (அந்தப் பெயர் இருக்கும் டைரக்டரியின் டென்ட்ரி) நினைவக முகவரியும் கலக்கப்படுகிறது. அதனால் ஒரே பெயர் வெவ்வேறு வரிசைகளில் போய் விழும். தேடும்போது பெற்றோரும், ஹாஷும் நீளமும் சேர்ந்த ஒரே 64 பிட் எண்ணும் பொருந்தினால்தான் கெர்னல் பெயரையே ஒப்பிட்டுப் பார்க்கும்.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு பார்க்காத ஃபைல் சிஸ்டங்களுக்கு மட்டும் இந்த ஹாஷ் உதவாது. அவை தங்கள் சொந்த ஹாஷைக் கணக்கிட்டு இதன் இடத்தில் வைத்துக்கொள்கின்றன.