ஒரே குறிப்பு இரண்டு கோப்பாகிறதா?

அண்ணாச்சி, பாளையங்கோட்டை வீட்டு லேப்டாப்பிலும் போனிலும் ஒரே குறிப்பு இரண்டாகி, பெயரில் 'சிங்க்-கான்ஃப்ளிக்ட்' என்று வருகிறது என்றீர்கள். கருவிகளுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கிற சிங்திங் (Syncthing) செயலிமேல் தப்பில்லை. அது நடுவில் சர்வர் வைக்காமல் கருவிக்குக் கருவி நேராகப் பேசுவது, இரண்டும் ஒரே நேரத்தில் விழித்திருந்தால்தான் பேச்சு. நீங்கள் ஜங்ஷன் பஸ்ஸில் போனில் எழுதும்போது லேப்டாப் மூடிக் கிடக்கிறது, ராத்திரி அதைத் திறந்து பழைய பிரதியிலேயே எழுதுகிறீர்கள், அப்புறம் மோதாமல் என்ன செய்யும்?

எப்போதும் ஓடுகிற, சிங்திங் போட்ட மூன்றாவது கருவி ஒன்று நடுவில் வேண்டும். என் வீட்டில் ரவுட்டர் பக்கத்தில் ஒரு பழைய ராஸ்பெர்ரி பை (கையளவு சின்னக் கம்ப்யூட்டர்) கிடக்கிறது, அதுபோல ஒன்றே உங்களுக்குத் தாராளம் (கரண்ட் போனாலும் ஓட, ரவுட்டர், பை இரண்டையும் இன்வெர்ட்டரில் போடுங்கள்). அதில் ஃபைல் வெர்ஷனிங்கை (மாறிய கோப்பின் பழைய பிரதியை எடுத்து வைக்கும் வசதி) ஆன் செய்யுங்கள். போனில் பேட்டரி சேமிப்பிலிருந்து சிங்திங்குக்கு விலக்கு கொடுங்கள். ஏற்கெனவே மோதிய கோப்புகளை சிங்திங் தானாக ஒட்டித் தராது, கையால் ஒட்டிவிடுங்கள்.