பூட்லோடர் சத்தமே இல்லாமல் நின்றுவிடுகிறதா?

கேள்வி: வணக்கம் ஐயா. பினாங்கு, பாயான் லெப்பாஸில் வேலை செய்கிறேன். கார்டெக்ஸ்-ஏ53 போர்டு ஒன்றுக்கு பூட்லோடர் (போர்டு எழுந்ததும் முதலில் ஓடும் நிரல்) எழுதுகிறேன். எம்எம்யூ (நினைவக முகவரிகளை நிர்வகிக்கும் சிப்பின் பகுதி) இன்னும் போடவில்லை. எஸ்டி கார்டிலிருந்து ஏற்றிய இமேஜின் ஹெடரைப் படிக்கும் இடத்தில் போர்டு அப்படியே நின்றுவிடுகிறது. சீரியலில் ஓர் எழுத்துகூட வரவில்லை. இதே கோட் லேப்டாப்பில் ஒழுங்காக ஓடுகிறது. எம்எம்யூ இல்லாமல் எக்செப்ஷனை (தவறு கண்டதும் சிப் ஓடும் வேலையை விட்டுத் தாவுவதை) பிடிக்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும் தம்பி. எக்செப்ஷனைப் பிடிக்க எம்எம்யூ வேண்டியதில்லை. ஆனால் கோட் விழுவதற்கு எம்எம்யூ இல்லாததுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

எம்எம்யூ அணைந்திருக்கும்போது, டேட்டாவைப் பொறுத்தவரை ஆர்ம்வி8 சிப்புக்கு ராம் முழுவதும் டிவைஸ் மெமரிதான், அதாவது கண்டிப்பான விதிகளோடு அணுக வேண்டிய இடம். அங்கே 4 பைட் எண்ணை, 4-ஆல் வகுபடாத முகவரியிலிருந்து ஒரே மூச்சில் படித்தால் அலைன்மென்ட் ஃபால்ட் வரும். லேப்டாப்பில் ராம் நார்மல் மெமரி, அதனால் ஒன்றும் ஆகாது. ஸ்ட்ரக்டை 'பேக்ட்' (ஃபீல்டுகளை இடைவெளி இல்லாமல் அடுக்கு) என்று குறித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. அலைன் ஆகாமல் படிக்கலாம் என்றே கம்பைலர் எண்ணிக்கொண்டு ஒரே லோடாக எழுதிவிடும். கம்பைலருக்கு '-எம்ஸ்ட்ரிக்ட்-அலைன்' ஆப்ஷன் கொடுத்தால்தான் பைட் பைட்டாகப் பிரிக்கும்.

சரி, சத்தம் ஏன் இல்லை? எக்செப்ஷன் வந்தால் எங்கே தாவ வேண்டும் என்ற முகவரி விபார் ரெஜிஸ்டரில் இருக்கும். ரீசெட்டுக்குப் பிறகு அதில் என்ன இருக்கும் என்பதற்கு உத்தரவாதமே கிடையாது. ஃபால்ட் வந்ததும் சிப் அந்தக் குப்பை முகவரிக்குத் தாவும், அங்கே இன்னொரு ஃபால்ட், பிறகு இன்னொன்று. போர்டு நிற்கவில்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால் சி கோட் ஒரு வரிகூட ஓடுவதற்கு முன் வெக்டர் டேபிளை (ஒவ்வொரு வகை எக்செப்ஷனுக்கும் ஓட வேண்டிய கோட் அடுக்கிய இடம்) வைத்துவிடுங்கள். 16 நுழைவுகள், ஒவ்வொன்றும் 128 பைட், மொத்தம் 2048. டேபிளின் தொடக்கமும் 2048-ஆல் வகுபடும் முகவரியில் இருக்க வேண்டும். எந்த ஈஎல்லில் (எக்செப்ஷன் லெவல், சிப்பின் அதிகார நிலை) ஓடுகிறீர்களோ அந்த ஈஎல்லின் விபாரில் எழுதுங்கள். ஈஎல்2-இல் இருந்துகொண்டு ஈஎல்1 விபாரை நிரப்பிவிட்டு நாள் முழுக்கத் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எக்செப்ஷன் வந்ததும் ஓடும் ஹேண்ட்லரில் பிரிண்ட்எஃப் வேண்டவே வேண்டாம். அதுவே மறுபடி ஃபால்ட் ஆனால் முதல் தவறின் தடயம் அழிந்துபோகும். அசெம்பிளியில், நுழைந்தவுடன் ஈஎஸ்ஆர் (தவறின் வகை), ஈஎல்ஆர் (தவறு நடந்த கட்டளையின் முகவரி), எஃப்ஏஆர் (படிக்க முயன்ற முகவரி) மூன்றையும் ரெஜிஸ்டர்களில் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்டாக்கை நம்பாதீர்கள். இதற்கென ஒதுக்கிய 4 கேபி இடத்துக்கு எஸ்பியை (ஸ்டாக் பாயின்டர்) மாற்றுங்கள். மூன்று எண்களையும் யூஆர்ட்டில் (சீரியல் போர்ட்) போலிங் முறையில், அதாவது அது தயாரா என்று திரும்பத் திரும்பப் பார்த்து, தள்ளிவிட்டு அங்கேயே நில்லுங்கள். திரும்பிப் போகும் கோட் இப்போதைக்குத் தேவையில்லை.

உங்களுக்கு ஈஎஸ்ஆரில் பதினாறடிமான எண்ணில் 96000021 வரும் என்று எதிர்பார்க்கிறேன். மேல் 6 பிட்டும் 25: அதே ஈஎல்லில் டேட்டா அபார்ட். கீழ் 6 பிட்டும் 21: அலைன்மென்ட். எஃப்ஏஆரில் அந்த ஹெடர் ஃபீல்டின் முகவரி இருக்கும். ஈஎல்ஆரை 'ஆட்2லைன்' கருவியில் கொடுத்தால் சி வரியே கிடைக்கும். மேல் பிட்டில் 07 வந்தால் கதை வேறு: ஸ்ட்ரக்டை நகலெடுக்க கம்பைலர் ஃப்ளோட்டிங் பாயின்ட் ரெஜிஸ்டரைப் பயன்படுத்தியிருக்கிறது, அதற்கான அனுமதியை நீங்கள் திறக்கவில்லை. அதற்கு '-எம்ஜெனரல்-ரெக்ஸ்-ஒன்லி'.

ஹேண்ட்லர் வேலை செய்கிறதா என்று பார்க்க, ஒற்றைப்படை முகவரி ஒன்றிலிருந்து வேண்டுமென்றே 4 பைட் படியுங்கள். 96000021 திரையில் வந்த பிறகு ஹெடர் பக்கம் போங்கள். அப்புறம், பூட்லோடர் தன்னையே ராமின் வேறு இடத்துக்கு நகர்த்திக்கொள்ளும் என்றால், நகர்ந்த கையோடு விபாரில் புதிய முகவரியை மறுபடி எழுத மறந்துவிடாதீர்கள்.