மலேசியாவில் உள்ள பினாங்கின் ‘நாசி கண்டார்’ உணவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?

மலாய் மொழியில் நாசி என்றால் சோறு. கண்டார் என்பது தோளில் சுமக்கும் தடி, நம் காவடி மாதிரி. அங்கே பிழைக்கப் போன தமிழ் முஸ்லிம்கள் ஒரு முனையில் சோறு, மறுமுனையில் குழம்பு என்று தொங்கவிட்டுத் தெருத் தெருவாக விற்றார்கள். அப்புறம் தடி போய்க் கடை வந்தது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

பயணக் கட்டுரை எழுதுகிறவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரில் சாப்பிடப் போனால் ‘பஞ்சிர்’ என்று கேளுங்கள். வெள்ளம் என்று பொருள். கோழி, மீன், ஆட்டுக்கறி எனப் பல குழம்புகளிலும் கொஞ்சம் கொஞ்சம் மொண்டு, சோறு மூழ்கும்படி ஊற்றுவார்கள். சாம்பார், ரசம் என்று வரிசையாகச் சாப்பிட்டுப் பழகிய எனக்கு முதல் வாய் ஒரு மாதிரிதான் இருந்தது. தட்டு காலியானதும் இன்னொரு முறை வரிசையில் போய் நின்றேன். கூடவே வெண்டைக்காயும் வாங்குங்கள்.