நாவல் பவுடரை நம்பி மாத்திரையை விடலாமா?

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கிறேன். வயது 54. ஒன்பது வருடமாகச் சுகர். மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சாப்பிடுகிறேன். தெரிந்தவர் ஒருவர் ‘சல்பேட் ஏற்றிய நாவல் பழப் பாலிசாக்கரைடு’ என்று ஒரு பவுடரை டப்பா 2,400 ரூபாய்க்குத் தருகிறார். மூன்றே மாதத்தில் மாத்திரையை விட்டுவிடலாமாம். வாங்கலாமா?

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

பாலிசாக்கரைடு என்றதும் மிரள வேண்டாம். சர்க்கரை மூலக்கூறுகள் நீளச் சங்கிலியாகக் கோத்திருப்பதுதான் அது. கொய்யா ஜாம் உறைவதற்குக் காரணமான பெக்டினும் அந்த ஜாதிதான். குடலில் கூழாகி, சுகர் ஏறும் வேகத்தைக் கொஞ்சம் தணிக்கும். ஆய்வகத்தில் அதன்மேல் சல்பேட், செலினியம் என்று எதையாவது ஏற்றினால், மாவுச்சத்தை உடைக்கும் நொதியைச் சில சமயம் இன்னும் நன்றாகத் தடுக்கிறது. பொய்யில்லை. ஆனால் பெரும்பாலும் சோதனைக் குழாயிலும் எலியிலும் பார்த்தது. சல்பேட் ஏற்றும்போது குளோரோசல்போனிக் அமிலம், பிரிடின் போன்ற கடுமையான ரசாயனங்களைச் சேர்ப்பார்கள். அந்த மிச்சத்தைச் சுத்தமாகக் கழுவினார்களா என்று உங்கள் தெரிந்தவருக்குத் தெரியுமா?

நீங்கள் அனுப்பிய படத்தில் டப்பாவின் பின்பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் பொருளே மால்டோடெக்ஸ்ட்ரின். எது அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது விதி. மாவிலிருந்து எடுக்கும் இது, கிட்டத்தட்ட குளுக்கோஸ் வேகத்தில் சுகரை ஏற்றும். 2,400 ரூபாய்க்கு அதையா வாங்கப் போகிறீர்கள்? கடைசியில் பொடி எழுத்தில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்றும் இருக்கிறது. நீரிழிவைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் வருடச் சட்டமே தடுக்கிறது. நான் ஒருமுறை புகார் கொடுத்தேன். ‘இது உணவா, மருந்தா’ என்று இரண்டு அலுவலகங்கள் மாற்றி மாற்றி அலையவிட்டன. ஏஜென்டு அதற்குள் வேறு பெயரில் டப்பா போட்டுவிட்டார்.

ஒன்றை மட்டும் கவனமாகக் கேளுங்கள். உங்களுக்கு எப்போதாவது அகார்போஸ் அல்லது வோக்லிபோஸ் சேர்த்துக் கொடுத்தால், அதுவும் மாவுச்சத்தை உடைக்கும் அதே நொதியைத் தடுக்கிற மாத்திரைதான். கிளிமெபிரைடால் சுகர் இறங்கி வியர்த்து நடுங்கும்போது, டீக்குப் போடும் சர்க்கரையை நம்பாதீர்கள். அதை உடைக்கும் நொதியும் கட்டுண்டு கிடக்கும்; ரத்தத்தில் ஏற நேரமாகும். குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும், 15 கிராம், தண்ணீரில் கலக்கி. மிட்டாய் அல்ல, வெல்லம் அல்ல, குளுக்கோஸ். வீட்டில் ஒன்று, பையில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாவல் பவுடர் சொன்னபடியே வேலை செய்தாலும் இதே சிக்கல்தான்.

பழம் வேண்டுமென்றால், மார்க்கெட்டில் காய்வெட்டாக ஒரு கொய்யா வாங்கித் தோலோடு கடித்துச் சாப்பிடுங்கள். ஜூஸ் போடாதீர்கள். மிச்சப் பணத்தில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள்.