மாமனாருக்கு முயல் கறி: வாங்கலாமா?

வேட்டைக்குப் போய் வளர்ந்த மாமனார் முயல் கறிக்கு ஏங்குறார், நத்தம் பக்கத்து ஆள் ஒருத்தர் காட்டு முயல் தர்றேங்கிறார், வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாம் சகோ. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல், கவுதாரி, உடும்பு எதையும் வேட்டையாடக் கூடாது. கறி வச்சிருந்தாலே வழக்கு, பிடிச்சவரோட நிக்காது. எங்க தாத்தாவும் பேட்டரி லைட்டும் வலையுமா அழகர்மலை அடிவாரம் சுத்தினவர்தான், அந்த ஏக்கம் எனக்கு நல்லாவே புரியுது.

பண்ணை முயல் சப்புன்னு இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. காட்டு முயல் கறி கருஞ்சிவப்பு, வாடை தூக்கலா இருக்கும். பண்ணை முயல் வெளுத்த கறி, கொழுப்பும் அதிகம் இருக்காது. குக்கர்ல விசில் விட்டா நார்நாராப் போயிடும். மண்சட்டியில வைங்க. நல்லெண்ணெய் தாராளமா ஊத்தி, தட்டின சின்ன வெங்காயம், பூண்டு வதக்கித் தொடைக்கறியை முதல்ல போடுங்க. அது வேக நேரம் பிடிக்கும். பாதி வெந்ததும் முதுகுக்கறி. மிளகு, சீரகம், வரமிளகாய் அம்மியில அரைச்சுச் சேர்த்து, சட்டியோரம் எண்ணெய் கக்குற வரைக்கும் சிறுதீயில பிரட்டணும். தக்காளி, தேங்காய் எங்க வீட்டுல சேர்த்ததே இல்லை.

மெல்லக் கஷ்டம்னா பண்ணைக் காடை எடுங்க, இதே மசாலாதான், ஆளுக்கு ரெண்டு. மிளகு எவ்வளவுங்கிறதை மட்டும் மாமனாரையே அடுப்புகிட்ட உக்காரவச்சுக் கேட்டுக்கங்க.